கடற்கரையில் ஒரு பெரட்டு

நம் வயதுக்காரர்களில் ஒட்டகத்தின் முதுகில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவர்களில் சிலர் ஏறியிருக்கலாம். நான் ஏறியது தொண்ணூறுகளின் முதல் பாதியில், பதினொரு வயதில், இந்த நாட்டுக்குள்ளேயே. என் பிள்ளைகள் இதை நம்புவதில்லை. நீங்கள் நம்புவீர்கள், ஏனென்றால் உங்களில் நாலைந்து பேர் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள். இன்று யாருக்கு என்ன மாத்திரை என்று விசாரித்துக்கொள்ளும் நாம், அன்று ஜன்னல் சீட்டுக்காக ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்தோம்.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கதிர்காமத்துக்கு ஒரு ட்ரிப் போகும். அந்த முறை கோயில் முடிந்ததும் கடலையும் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாகியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் கடலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்த்தவர்கள் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒருவர் பச்சை என்றார், ஒருவர் சத்தம் மட்டும்தான் ஞாபகம் என்றார்.

அது யுத்த காலம், நாட்டின் நிலைமை உங்களுக்குத் தெரியும். எங்கள் பெண்கள் பலரிடம் அடையாள அட்டை இல்லை. அதனால் தோட்டத்து கிளாக்கர் எல்லோருடைய பெயரையும் சிங்களத்தில் டைப் அடித்து, துரையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். நாற்பத்தொரு பெயர்கள். அந்தத் தாளைக் கங்காணி பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வழியில் உள்ள சோதனைச் சாவடிகளை நினைத்து அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ட்ரிப்பில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது சாவடியில்தான் என்பதில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே அபிப்பிராயம்.

புறப்படுவதற்கு முன் அம்மா எனக்கும் தம்பிக்கும் முழங்கால் வரை சவர்க்காரம் தடவினார். அட்டை கடிக்காமலிருக்க நாங்கள் மலைக்குப் போகும்போது செய்கிற காரியம் அது. கதிர்காமத்தில் அட்டை கிடையாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மறுநாளும் தடவினார். கடற்கரையில் இறங்கியதும் அந்தச் சவர்க்காரத்தில் மணல் ஒட்டி, எங்கள் கால்கள் ரவை புரட்டிய மீன்போல ஆகிவிட்டன. உப்புத் தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

இந்தக் கதை திரும்புகிற இடத்துக்கு வருவதற்கு முன், பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. பதுளை டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் வேலை பிரிப்பதற்கு ஆட்கள் கூடுகிற களம் பெரட்டுக் களம். கங்காணி பெயரைக் கூப்பிடுவார், ஆள் "இருக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். பிந்தினால் அன்று வேலை இல்லை, திரும்பி லயத்துக்கு நடக்க வேண்டியதுதான். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவள், காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைத்துவிட்டு வருகிறவள் எல்லோரும் பிந்துவார்கள். அவர்களுக்காக வரிசையில் நிற்கிற ஒருத்தி குரல் கொடுத்துவிடுவாள். கங்காணிக்கும் இது தெரியும். அவர் தலையைத் தூக்காமல் பேர் போடுவார். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் எல்லோரும் இருந்தால் போதும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

எங்கள் களத்தில் அப்படிக் குரல் கொடுப்பதில் கெட்டிக்காரி என் சின்னம்மா. அம்மாவின் தங்கை, அப்போது கல்யாணமாகவில்லை. இருமல் உள்ளவளுக்கு இருமிக்கொண்டும், வயதானவளுக்கு இழுத்தும், "இருக்கு" என்ற ஒரு சொல்லை ஏழெட்டு விதமாகச் சொல்வார்.

ட்ரிப்பிலும் கங்காணி பெரட்டை விடவில்லை. கோயில் வாசலில், மடத்தில், சாப்பிட நிறுத்திய இடத்தில் எல்லாம் பித்தளை விசிலை ஊதி, வரிசையில் நிறுத்தி, கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்.

"ஏன் கங்காணியாரே, சாமிகிட்டயும் பேர் போட்டுட்டுத்தான் கும்பிடணுமா?" என்று சின்னம்மா கேட்டார்.

"நீ தொலைஞ்சு போனா சாமியா வந்து தேடும்? நான்தான் தேடணும். வாய மூடிக்கிட்டு நில்லு."

"வாய மூடிக்கிட்டா எப்படிங்க இருக்குன்னு சொல்றது?"

வரிசை முழுவதும் சிரித்தது. கங்காணியும் கொப்பிக்குள் குனிந்து சிரித்தார்.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. கடல் பச்சை இல்லை. தேயிலைச் சாயத்தில் பால் ஊற்றினாற்போல் கரையோரம் கலங்கி, தூரத்தில் நீலமாக இருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் கையைக் கோத்து நின்றார்கள். ஒவ்வோர் அலைக்கும் ஒரே குரலில் கத்தினார்கள். மலையில் நாலு வளைவுக்கு அப்பால் பேசிப் பழகிய குரல்கள். மீன்பிடிக்காரர்கள் வலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஒட்டகம் ஒரு தாழை மரத்தடியில் படுத்திருந்தது. பக்கத்தில் ஒட்டகம் வரைந்த தகரப் பலகை. படத்தில் இருந்தது நிஜத்தில் இருந்ததைவிட இளமையானது. அதற்குச் சொந்தக்காரர் தொப்பி போட்ட, மெலிந்த ஒரு முஸ்லிம் பெரியவர். ஊர் ஊராகப் போய் நொடித்துப்போன சர்க்கஸ்காரர்கள் கூடாரத்தையும் நாற்காலிகளையும் விற்றபோது, இதை யாரும் கேட்கவில்லையாம், இவர் கேட்டாராம். கடற்கரையைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். பத்து நிமிடம் என்றார்.

அம்மாவிடம் கேட்டால் நடக்காது என்று தெரியும். தம்பிக்கு வயிறு சரியில்லாமல் அம்மா பஸ் பக்கம் போயிருந்தார். சின்னம்மாவிடம் போனேன். அவர் ஒட்டகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"சீக்கிரம் வந்துரு. உங்கம்மா பாத்தா என்னைய அதுக்குக் கீழ போட்டு மிதிக்க விடுவா."

"நான் வர்றதுக்குள்ள பெரட்டு வெச்சா பேர் சொல்லிருங்க சின்னம்மா."

"அது என் வேலைதானே. ஓடு."

ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கழுத்துக்கு மேலாகக் கடலுக்குள் கொட்டப்படப் போகிறேன் என்று நினைத்தேன். பிறகு முன்னங்கால்கள் எழுந்தன, உலகம் சமமானது, நான் லயத்துக் கூரையின் உயரத்தில் இருந்தேன். நனைந்த கம்பளியும் புளித்த கஞ்சியும் கலந்த வாடை. கீழே கயிற்றைப் பிடித்தபடி பெரியவர் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். எனக்குப் புரியவில்லை என்றதும் நின்று, என்னை அண்ணாந்து பார்த்து, தமிழுக்கு மாறினார். நாங்கள் இருக்கு என்பதை அவர் ஈக்கி என்றார்.

"மொத்தம் அஞ்சி எடம் ஈக்கி மகள். அஞ்சையும் காட்டாம நான் திருப்ப மாட்டேன். பாதியில திருப்பினா அது சல்லிக்குச் செய்ற துரோகம்."

முதல் இடம், ஆமை முட்டையிடுகிற மணல்மேடு. அங்கே ஆமையும் இல்லை, முட்டையும் இல்லை. ஆனால் ஆமை எந்தப் பக்கம் முகம் வைத்துக் குழி தோண்டும் என்று அவர் முழங்காலில் நின்று காட்டினார். இரண்டாவது, ஒரு வள்ளம் கவிழ்ந்து மூன்று பேர் பிழைத்த இடம். மூன்று பேரின் குடும்ப விவரமும் சொன்னார். மூன்றாவது இடத்துக்குப் போகும்போதே அவருடைய பத்து நிமிடம் கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல என்று எனக்கு விளங்கிவிட்டது. அது ஒரு பழைய கப்பலின் இரும்பு, மணலுக்கு வெளியே இரண்டு முழம் துருத்திக்கொண்டிருந்தது.

கப்பல் யாருடையது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது விசில் கேட்டது. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் மிக மெல்லியதாக, ஏதோ பறவை என்று நினைக்கும் அளவுக்கு. திரும்பிப் பார்த்தேன். வெகுதூரத்தில் தென்னைகளுக்கு அப்பால் வண்ணப் புள்ளிகள் ஒரு கோடாக நின்றன. சின்னம்மா பேர் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினேன்.

கரையில் நடந்ததைப் பிறகு அம்மாவிடமும் கங்காணியிடமும் பஸ் டிரைவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன். இருட்டுவதற்குள் வெல்லவாயவைத் தாண்ட வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். கங்காணி பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்ததும் சின்னம்மா சிறு பிள்ளைக் குரலில் "இருக்கு" என்றார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்ற அம்மா அந்தக் குரலைக் கேட்டு நிம்மதியானார். பஸ்ஸுக்கு இரண்டு கதவு. அம்மா முன்கதவால் ஏறினார், சின்னம்மா பின்கதவால். நான் வருகிறேனா என்று சின்னம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்போது ஒரு நீலப் பூக் கவுன் முன்கதவால் ஓடி ஏறியதைக் கண்டார், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தீபாவளிக்குப் பதுளைக் கடையில் ஒரே சுருள் துணியெடுத்து நம் லயத்தில் என்னையும் சேர்த்து ஐந்து பெண் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். உங்களில் ஒருத்திதான் ஓடி ஏறியவள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் தன்னுடைய பஸ்ஸில்தான் ஏறினாள்.

மூன்றாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் நடுவே, ஒட்டகத்தின் மேலிருந்து, எங்கள் பஸ் தென்னைகளுக்கிடையில் நகர்வதைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு. கூரையில் கட்டிய அண்டா மட்டும் வெயிலில் மின்னியது.

"அது எங்க பஸ்ஸு," என்றேன்.

பெரியவர் கலங்கரை விளக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எது?"

"போகுதே, அது."

அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒட்டகத்தை வந்த வழியே திருப்பாமல், கடலுக்கு முதுகு காட்டி உள்பக்கமாகத் திருப்பினார். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி அம்மா சொல்லிவைத்தது முழுவதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இறங்கலாம் என்றால் கூரை உயரம். அழத் தொடங்கினேன்.

"அழ வாணாம் மகள், கேளுங்க. ரோட்டு இந்தக் களப்புத் தண்ணியைச் சுத்திக்கிட்டுப் போகுது. சுத்தி முடியிற எடத்துல சாவடி ஈக்கி. எல்லா பஸ்ஸையும் எறக்கித்தான் எண்ணுவாங்க. பட்டியல்ல ஒரு ஆள் கொறஞ்சாலும் வுட மாட்டாங்க. ஒங்கட ஆக்கள் அங்கதான் நிப்பாங்க. நாங்க உப்பளக் கட்டுல குறுக்கால போறோம். ஒண்ணரைக் கட்டை தூரம்தான்."

"ஒட்டகம் ஓடுமா?"

"ஓடாது. அதுக்கு வயசு போயிட்டு. ஆனா நிக்காது."

அது உண்மை. வெள்ளை வெள்ளையாகப் பாத்தி கட்டிய உப்பளத்தின் நடுவே, ஓர் ஆள் அகல மண்கட்டின் மேல், ஒட்டகம் ஒரே கணக்கில் காலை எடுத்து வைத்தது. உப்பின் ஒளியில் கண் திறக்க முடியவில்லை. என் இடது செருப்பு கழன்று பாத்தியில் விழுந்தது. அவர் எடுப்பதற்கு நிற்கவில்லை. சிறிது தூரம் போனதும் பழக்கம் விடாமல் மறுபடி தொடங்கினார்.

"இது டூர்ல இல்லாத எடம். யாருக்கும் காட்டினதில்ல. அங்கால தெரியுது பாருங்க, செவப்புக் கால் கொக்கு. அது ரஷ்யாவுல இருந்து வாரதாம்."

அழுகையினூடே அந்தக் கொக்குகளைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை, கால்கள் சிவப்பாகத்தான் இருந்தன. பிள்ளை பிடிக்கிறவர் கொக்கைக் காட்ட மாட்டார் என்று நினைத்ததும், அழுகை கொஞ்சம் குறைந்ததும் நினைவிருக்கிறது.

சாவடியில் எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இளம் சிப்பாய் ஒருவர் பட்டியலை வைத்து ஒவ்வொரு பெயராகத் தட்டித் தடவி வாசித்தார். வாசிக்கப்பட்டவர் முன்னால் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். என் பெயர் வாசிக்கப்பட்டது. யாரும் வரவில்லை. இரண்டாம் முறை வாசித்தபோது அம்மா சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தொரு பேர் போனீர்கள், நாற்பது பேர் வருகிறீர்கள், மற்றவரை எங்கே விட்டீர்கள் என்று சிப்பாய் கேட்டார். அது சின்னப் பிள்ளை என்று கங்காணி சிங்களத்தில் சொன்னார். பட்டியலில் வயது போடவில்லை. பெரிய ஆள் என்றே சிப்பாய் எடுத்துக்கொண்டார். பஸ்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன் என்று டிரைவர் கெஞ்சினார். மேலதிகாரி வரும்வரை பஸ் அசையக் கூடாது என்றார்கள்.

அப்போதுதான் அம்மா தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீதானேடி குரல் குடுத்த? உன் வாய நம்பித்தானேடி நான் பஸ்ஸுல ஏறுனேன்!"

"நீலக் கவுனு ஏறுனத பாத்தேன்க்கா..."

"எம்புள்ள எங்கடி?"

கங்காணிக்கும் அதுவரை இருந்த பயத்துக்கு ஒரு வழி கிடைத்தது. "பொய்ப் பேர் சொல்லிச் சொல்லியே பழகிட்ட. வீட்டுக்குப் போவட்டும், துரைகிட்ட சொல்லி உன் பேரையே வெட்டிப்புடுறேன். இனி நீ எந்த மலையிலயும் கொழுந்து கிள்ள முடியாது."

பேர் வெட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வேலை போகும், வேலையோடு லயத்து அறையும் போகும்.

உப்பளக் கட்டின் முனையில் ஏறியபோது நான் கண்டது இந்தக் காட்சியைத்தான். முதலில் பஸ், பிறகு அண்டா, பிறகு குனிந்து நிற்கிற சின்னம்மா, அவரைச் சுற்றி மற்றவர்கள். எங்களை முதலில் கண்டவர் காவலுக்கு நின்ற இன்னொரு சிப்பாய். துப்பாக்கியைக் கையில் எடுத்தவர், ஒட்டகம் என்று தெரிந்ததும் வாயைத் திறந்தபடி கீழே இறக்கினார். அடுத்து முழு வரிசையும் திரும்பியது. கடலுக்குக் கத்தியதைவிடப் பெரிதாக அந்தப் பெண்கள் கத்தினார்கள்.

கங்காணியின் கை இன்னும் சின்னம்மாவை நோக்கி நீண்டிருந்தது. அவர் சொன்னது என் காதில் விழவில்லை. கையும் சின்னம்மாவின் முகமும் போதுமானதாக இருந்தன. கீழே நின்றிருந்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்திருப்பேன். அந்த உயரத்தில் ஒளிய இடமில்லை.

"சின்னம்மாவ ஏசாதீங்க! நான்தான் பேர் சொல்லச் சொன்னேன்! நான்தான் சொன்னேன்!"

சாவடி முழுவதற்கும் கேட்டிருக்கும். கங்காணியின் கை இறங்கியது. பல வருடம் கழித்து, பென்ஷன் வாங்கிய பிறகு, அவர் என்னிடம் சொன்னார்: "நான் ஒரு தடவ தலைய நிமித்திப் பாத்திருக்கணும் புள்ள. வரிசைல நீ இல்லன்னு தெரிஞ்சிருக்கும். மலையில பாக்காம விடுறது தருமம். அன்னிக்கு அது மலை இல்ல." சின்னம்மாவின் பேர் வெட்டப்படவில்லை. அதைப் பற்றி அவர் துரையிடம் பேசவே இல்லை.

அம்மா ஓடிவந்து என் காலைப் பிடித்து இழுத்தார். பெரியவர் தடுத்தார். "இழுக்க வாணாம். அது படுக்கணும், அப்பத்தான் எறக்கலாம்." ஒட்டகம் முன்னங்கால்களை மடித்தது. நான் முன்னால் சரிந்தேன். அம்மா அடிப்பதற்காகக் கையை ஓங்கியிருந்தார் என்றே இன்றும் நம்புகிறேன். ஓங்கிய கைக்குள்தான் போய் விழுந்தேன். என் காலில் மணலும் சவர்க்காரமும் காய்ந்து வெடித்திருந்ததை அவர் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து விட்டார். ஒற்றைச் செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

சிப்பாய் என் பெயரை மறுபடி வாசித்தார். முன்னால் போய் முகத்தைக் காட்டினேன். கோடு போட்டார். ஒட்டகத்துக்கும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அவர் கேட்டதைக் கங்காணி மொழிபெயர்த்தபோது, அதுவரை மூச்சைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். எங்கள் பெரியவர்கள் ஒரு வாரம் பயந்த சாவடி, அன்று அங்கே இல்லாமலிருந்தால் பஸ் வெல்லவாய போய்த்தான் நின்றிருக்கும். இதை அன்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தாமதமாகத்தான் தோன்றியது.

கங்காணி பெரியவரிடம் என்ன தர வேண்டும் என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார். "சவாரிக்குத் தந்தாச்சு. ரெண்டு எடம் நான்தான் பாக்கி." அம்மா கதிர்காமத்துப் பிரசாத வாழைப்பழச் சீப்பை அப்படியே ஒட்டகத்தின் முன்னால் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் பையைத் திறந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்த பழம் முழுவதையும், தோலோடு, அது நின்று நிதானமாகத் தின்றது.

பஸ்ஸில் அம்மா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். சின்னம்மா எங்களுக்கு முன் சீட்டில் தனியாக இருந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் பின்னல் மட்டும் எனக்குத் தெரிந்தது. வயல்கள் போயின, தேக்கங்காடு போனது. நான் எழுந்து அம்மாவின் முழங்காலைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா தடுக்கவில்லை. சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை, கண்கள் வீங்கியிருந்தன. என் மணிக்கட்டைப் பிடித்தார், வலிக்கிற அளவுக்கு.

ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"அதுக்கு மேல இருந்து பாத்தா எம்புட்டுத் தூரம் தெரிஞ்சுச்சு?"

சொன்னேன். ஆமை முகம் வைக்கிற பக்கத்தையும், பிழைத்த மூன்று பேரையும், மணலில் நிற்கிற இரும்பையும் பெரியவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினேன்.

"அப்புறம்?" என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்.